காலைத் தூக்கியபடி நின்ற இன்ஸ்பெக்டர்

இப்போது அந்தப் படம் எங்கேயும் சிக்காமல் ஓடுகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரம்பலூரில் எங்கள் வீட்டில், என் மகன் அதைக் கைப்பேசியில் தேடி எடுத்து டிவியில் போட்டான். விறைப்பான ஒரு இன்ஸ்பெக்டர், தூங்குமூஞ்சி ஏட்டு ஒருவர். ஒருவரைக் கண்டால் மற்றவருக்கு ஆகாது. இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி, கல்யாண மண்டப வாசலில் நிற்கும் புது வண்டிகளாகப் பார்த்துத் திருடுகிறவனைப் பிடித்து வாருங்கள் என்று மேலதிகாரி அனுப்பிவிடுகிறார். மொத்தக் கதையே அவ்வளவுதான். ஜீப் காட்டுக்கு நடுவே நின்றுபோகும் இடம் வந்ததும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இங்கே சிக்கும் என்று காத்திருந்தேன். சிக்கவில்லை. படம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

மகன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீ ஏம்மா சிரிக்க மாட்டேங்குற?" என்றான். இரண்டு பேர் பேசவேண்டிய இடத்தில் யாரும் பேசாமலே படம் நகர்ந்துவிட்டது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். மாதாகோயில் தெருவில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் இருந்தன. அந்த வீட்டில் கடுகு தாளித்தால் இந்த வீட்டில் தும்முவோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். பாடப் புத்தகத்தில்கூடத் தப்பு இருக்கலாம், அப்பாவிடம் இருக்காது. அப்படித்தான் அவர் நடந்துகொண்டார், நாங்களும் நம்பினோம். பெரியப்பா முந்திரிக்காட்டையும் சோளக்கொல்லையையும் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல ஆகிருதி. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவார், கோயில் வாசலுக்கு வந்ததும்தான் அதை உடம்பில் மாட்டுவார். பூசை ஆரம்பித்து, பைபிளிலிருந்து முதல் வாசகத்தை அப்பா கணீரென்று வாசித்து முடிக்கும் நேரத்தில் பெரியப்பா உள்ளே நுழைவார். "என் தம்பி வாசிக்கிறது தெருமுக்கு வரைக்கும் கேக்குது, நான் எதுக்கு சீக்கிரம் வரணும்?" என்பார்.

இவர்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் பிடித்த விஷயம் ஒன்று உண்டென்றால் அது அந்தப் போலீஸ் படம். டிவிடி பிளேயர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. கிறிஸ்துமஸ், ஈஸ்டரான பாஸ்கா இரண்டுக்கும் கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் இரண்டு குடும்பமும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும். ஊரில் மற்றவர்கள் பண்டிகைக்குப் புதுப்படம் பார்ப்பார்கள். எங்களுக்குப் பழைய படம்தான் பண்டிகை. எந்த இடத்தில் யார் சிரிப்பார்கள் என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். அம்மா மட்டும் படத்தை அவ்வளவாகப் பார்க்கமாட்டாள். சுவரோரமாக உட்கார்ந்து, படம் பார்க்கிற எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த சிடி, வாங்கி வந்து ஒரு தடவைகூடப் போட்டுப் பார்ப்பதற்குள், கெட்டுப்போனது பெரியப்பாவால். கதிர் முற்றும் காலத்தில் கிளி விரட்டுவதற்காக எங்கள் பக்கம் பழைய சிடிகளைக் கயிற்றில் கட்டிச் சோளக்கொல்லையில் நட்ட குச்சிகளில் தொங்கவிடுவார்கள். காற்றில் அது சுழன்று பளிச் பளிச்சென்று மின்னினால் கிளி அண்டாது. ஒரு வருஷம் பெரியப்பா எங்கள் வீட்டு அலமாரிமேல் கிடந்தவற்றை அள்ளிக்கொண்டு போனதில் போலீஸ் படமும் போய்விட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளத்துக்குள் புகுந்து, ஒவ்வொரு குச்சியாக எட்டிப் பார்த்து, கடைசியில் படத்தை மீட்டு வந்தார். சோளத்தாள் உரசி உரசி அதன்மேல் கோடு விழுந்திருந்தது. துடைத்துப் போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு இடத்தைத் தவிர எல்லாம் ஓடியது.

அந்த இடம் இதுதான். ஜீப் காட்டில் நின்றுவிடுகிறது. யாரால் நின்றது என்று இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, இனி உன்னோடு ஜீப்பில் ஏறமாட்டேன் என்று கத்திவிட்டு இன்ஸ்பெக்டர் இறங்கக் காலை வெளியே எடுக்கிறார். அத்தோடு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். இன்ஸ்பெக்டரின் கால் அந்தரத்தில் தொங்கும். பிளேயர் உள்ளே கிர் கிர்ரென்று மென்றுகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் ஒரு தாவு தாவி, இருவரும் பழையபடி ஒன்றாக ஜீப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு திருடனைத் துரத்துகிற இடத்துக்குப் போய்விடும். சண்டை போட்டவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது மட்டும் எங்கள் சிடியில் கிடையாது.

முதல் தடவை அப்படி நின்றபோது நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஓவென்று கத்தினோம். உடனே பெரியப்பா எழுந்து, படத்தில் இருந்தபடியே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். "நாங்கதான் இத தியேட்டர்ல பாத்துருக்கோம்ல, நாங்க நடிச்சுக் காட்டுறோம், பாரு" என்றார். விறைப்பான இன்ஸ்பெக்டர் பெரியப்பா. தூங்குமூஞ்சி ஏட்டு அப்பா. வாழ்க்கையில் யார் எப்படியோ அதற்கு நேர்மாறாக அவர்கள் வேஷத்தைப் பிரித்துக்கொண்டதுதான் எங்களுக்குப் பாதி வேடிக்கை. இஸ்திரிச் சட்டை கசங்க அப்பா பாயில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விடுவதைப் பார்க்க நாங்கள் வருஷத்தில் இரண்டு நாள் காத்திருப்போம்.

"இனிமே ஒன்கூட ஜீப்ல ஏற மாட்டேன்யா!"

"நடந்து போனா பதினாலு மைலு சார். வழியில கரடி இருக்கு சார்."

"கரடி வந்தா என் ஸ்டாரக் காட்டுவேன்யா."

"கரடிக்கு ஸ்டாரெல்லாம் தெரியாதுங்க சார். டிபன் பாக்ஸ்ல ரெண்டு இட்லி இருக்கு சார். ஒண்ணு ஒங்களுக்கு."

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் மீசையைத் தடவிவிட்டு, தூக்கிய காலை இறக்கி, அப்பாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். இருவரும் இல்லாத இட்லியைத் தின்று இல்லாத சட்னியை நக்குவார்கள். சரியாக அப்போது படம் தாவிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். ஒவ்வொரு பண்டிகைக்கும் இதே வசனம், இதே இட்லி. எனக்குப் பள்ளிக்கூடத்துச் செய்யுளைவிட அது நன்றாக மனப்பாடம்.

சண்டை ஒரு ஆடி மாதம் வந்தது. தாத்தாவின் முந்திரிக்காட்டை இருவரும் பிரித்துக்கொண்டபோது வரப்பு ஒரு பெரிய மரத்தின் நடுவே ஓடியது. அந்தந்தப் பக்கம் விழும் கொட்டை அந்தந்தப் பக்கத்தாருக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். வருஷக்கணக்காக ஒரு தகராறும் இல்லை. அந்த ஆடியில் பெரியப்பா ஆள் வைத்துத் தன் மரங்களுக்குக் கிளை கழித்தார். வரப்பு மரத்தில் தன் பக்கத்தோடு நிறுத்தாமல் எங்கள் பக்கத்துக் கிளைகளையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். அப்பா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது மரம் மொட்டையாக நின்றது. நேரே வந்து, தெருவில் நாலு பேர் பார்க்க, பெரியப்பா வீட்டு வாசலில் நின்று கேட்டார். பெரியப்பாவும் சும்மா இல்லை, "வாத்திக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார். அதற்குத்தான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பங்காளி புத்தியக் காட்டிட்டீல்ல! இனி ஒன் வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு!"

கூடப்பிறந்தவனைப் பங்காளி என்று தெருவில் நின்று சொல்வது, நீ எனக்கு அண்ணன் இல்லை, சொத்தில் பாதி கொண்டுபோனவன் மட்டும்தான் என்று சொல்வது. பெரியப்பா உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. கொல்லைப்புறத்தில் அம்மாவும் பெரியம்மாவும் எப்போதும்போல் குழம்பு மாற்றிக்கொண்டார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் மதியம் அப்பாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. படம் போடவில்லை.

இதற்கு நடுவில் பெரியப்பா மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, ஏலாக்குறிச்சிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் பாஸ்கா முடிந்த மே மாதத்தில் நாள் குறித்தார்கள். அக்கா என்னைத்தான் பூத்தூவும் பிள்ளையாகச் சொல்லியிருந்தாள். வெள்ளைக் கவுனுக்கு அளவுகூடக் கொடுத்தாயிற்று. அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "நீங்க போறதுன்னா போயிட்டு வாங்க. நான் வரல" என்று சொன்னார். அப்பா வராத கல்யாணத்துக்கு அம்மா எந்த முகத்தோடு போவாள்? அம்மா போகாவிட்டால் நான் எங்கே பூத்தூவுவது? அதைவிட, தன் கல்யாணப் பூசையில் சித்தப்பாதான் முதல் வாசகம் வாசிக்கவேண்டும் என்று அக்கா சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். கொல்லைக் கதவருகே நின்று அவள் அம்மாவிடம் அழுததை நான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. பாதி அக்காவுக்காக, பாதி கவுனுக்காக.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று அம்மா டிவியை ஒரு ஊதாத் துணியால் மூடினாள். கோயிலில் பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரம் நெருங்கும்போதுதான் சுரூபச் சிலைகளை ஊதாத் துணியால் மூடுவார்கள், எங்கள் வீட்டில் டிவிக்குத் தவக்காலம் முழுவதும் முக்காடு. பாஸ்கா வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. மூடி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெரம்பலூரிலிருந்து என் மாமா வந்தார். எனக்காகப் போலீஸ் படத்தின் புது சிடி வாங்கி வந்திருந்தார். கோடு இல்லை, கீறல் இல்லை, முகம் பார்த்துத் தலைசீவலாம்போல் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக அப்பாவும் பெரியப்பாவும் நடித்துக்காட்டிய இடத்தை நிஜப் படத்திலேயே பார்க்கப்போகிறேன். அந்தக் கரடி வருமா? இட்லி தெரியுமா? தவக்காலம் முழுவதும் ஊதாத் துணியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். சிடியை அம்மா வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைத்தாள். அது அங்கேதான் இருக்கிறதா என்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஒரு தடவை பார்ப்பேன்.

பாஸ்கா ஞாயிறு காலைப் பூசையில் அக்காவின் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாண அறிவிப்பை நாங்கள் ஓலை என்போம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று பூசை வைத்த சாமியார் சொல்லி நிறுத்தியபோது நான் அப்பாவைத்தான் பார்த்தேன். ஆண்கள் பக்கம் அப்பாவோடு உட்கார்ந்திருந்த நான் அவர் எழுந்துவிடாமல் இருக்கச் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா எழுந்திருக்கவில்லை. குனிந்தே இருந்தார். இஸ்திரி கசங்கியதற்கு என்னைத் திட்டவும் இல்லை.

மதியம் கறிச்சோறு ஆனதும் அம்மா டிவியின் துணியை எடுத்தாள். "பாப்பா நாப்பது நாளாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கா. படத்தப் போட்டுடுறேன்" என்று அப்பாவைப் பாராமலே சொன்னாள். அப்பா தினசரியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார், எழுந்து போகவில்லை. நான் அலமாரிக்கு ஓடினேன். புது சிடியைக் காணோம்.

வீடெல்லாம் தேடினேன். கட்டிலுக்கு அடியில், புத்தகப் பைக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால். அம்மாவும் என்னோடு சேர்ந்து தேடினாள். "இங்கதான் வச்சேன், எங்க போச்சுன்னு தெரியல பாப்பா. அப்புறம் பாத்துக்கலாம், இப்பப் பழசையே போடுவோம்" என்றாள். நான் தரையில் காலை உதைத்து அழுதேன். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் பழைய சிடியைப் போட்டு, தெருப்பக்கத்து ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்து, சத்தத்தை நன்றாகக் கூட்டினாள். அந்தப் படத்தின் ஆரம்ப மேளம் ஒட்டுச் சுவரில் மோதி அதிர்ந்தது.

முதலில் பெரியம்மாவும் அக்காவும் கொல்லை வழியாக வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தெருவாசலில் நிழல் தட்டியது. பெரியப்பா. கையில் அவர் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. சட்டையை ஒழுங்காக மாட்டிப் பொத்தானும் போட்டிருந்தார்.

"ஏம்மா, படம் போட்டாச்சா? நான் ஒண்ணும் சபதம் போடலயே, வரலாம்ல?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் அம்மா.

நாற்காலியை நிலைப்படியிலேயே போட்டு, பாதி வீட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்தார். அப்பாவின் தினசரி இறங்கவில்லை. ஆனால் ஏட்டு முதல் தடவை ஜீப்பில் தூங்கி விழுந்ததும் தினசரிக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. திருடன் மாப்பிள்ளை மாதிரி மாலையோடு காரில் ஏறிய இடத்தில் பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் அதே இடத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டவர்போல் இருமினார். தினசரி மடிக்கு வந்துவிட்டது.

காடு வந்தது. ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் காலைத் தூக்கினார். படம் உடைந்து நின்றது.

பிளேயர் கிர் கிர்ரென்றது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ புது சிடி காணாமல்போன ஆத்திரம் இன்னும் தீரவில்லை. இதுவும் இல்லாமல்போனால் எப்படி?

"பெரியப்பா! ஒங்க வசனம்!" என்று கத்தினேன்.

பெரியப்பா எழுந்து காலைத் தூக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து, டிவியில் தொங்கும் காலைப் பார்த்தபடி, மெதுவான குரலில் சொன்னார்.

"இனிமே ஒன்கூட ஜீப்ல ஏற மாட்டேன்யா."

அப்பா மடியில் கிடந்த தினசரியைக் கீழே வைத்தார். "நடந்து போனா ரொம்ப தூரம் சார்" என்றார்.

"பதினாலு மைலு!" என்று நான் திருத்தினேன்.

"தூரமா இருந்தா என்னய்யா? தெருவுல நாலு பேரு முன்னாடி என்னைய அப்படிச் சொன்னியே, அதுக்கு நடந்தே போயிரலாம்."

இந்த வசனம் படத்தில் கிடையாது. "தெரு இல்ல பெரியப்பா, காடு! கரடி வரணும்!" என்றேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வாய் தவறி வந்துருச்சு சார்" என்றார் அப்பா.

"கூடப் பொறந்..." என்று ஆரம்பித்த பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கூட டூட்டி பாக்குறவனப் பாத்து வாய் அப்படியா தவறும்?"

"தப்புதான் சார்."

அப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏட்டு வேஷம் என்பதால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அதோடு விடவில்லை. "நீங்களும் என்னைக் கேக்காம மரத்துல கை வச்சிருக்கக் கூடாது சார்."

"கேட்டா நீ வேணாம்னுதான சொல்லுவ? காய்ப்பு ஓஞ்ச மரம்யா அது. கழிச்சாத்தான் துளுக்கும்."

"அதச் சொல்லியிருக்கலாம்ல சார்?"

"எங்க சொல்ல வுட்ட? போய்ப் பாருய்யா இப்ப. ரெண்டு பக்கமும் காய்ச்சுக் கெடக்கு. ஒம் பக்கந்தான் ஜாஸ்தி. பொறுக்க ஆளில்லாம கெடக்குதுன்னு நாந்தான் கூட்டித் தனியாக் குமிச்சு வச்சிருக்கேன்."

அப்பா டிவியையே பார்த்தார், அதில் ஒரு கால் தவிர எதுவும் இல்லை. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். மரம், காய், குமியல் எல்லாம் எங்கிருந்து வந்தன? இவ்வளவு நாள் பேசாமல் இருந்ததில் இரண்டு பேருக்கும் வசனம் மறந்துவிட்டது, அவ்வளவுதான். வகுப்பில் செய்யுள் மறந்தவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் அடி எடுத்துக் கொடுப்பான் அல்லவா? நான் எடுத்துக் கொடுத்தேன்.

"இட்லி! அப்பா, இட்லி!"

"டிபன் பாக்ஸ்ல..." என்று ஆரம்பித்த அப்பா பெரியப்பா பக்கம் திரும்பினார். "டிபன் பாக்ஸ்ல ரெண்டு இட்லி இருக்கு சார். ஒண்ணு ஒங்களுக்கு."

பெரியப்பா மீசையைத் தடவவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, உள்ளே வந்து, பாயில் அப்பாவுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி உட்கார்ந்தார். "ரெண்டையும் எனக்கே குடுய்யா. கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு, ஒத்த ஆளா அல்லாடுறேன்" என்றார். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா மடியில் கிடந்த ஊதாத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். படம் தாவிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டரும் ஏட்டும் ஒரே ஜீப்பில் சிரித்துக்கொண்டு போனார்கள். முடிந்ததும் பெரியப்பா எழுந்தார். "இருண்ணே, டீ குடிச்சிட்டுப் போ" என்றார் அப்பா.

மறுநாள் காலை அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போனார். கொல்லை வழியாகப் போனார். சபதம் தெருவாசல் படிக்குத்தானே, பின்வாசலுக்கு இல்லையே. கல்யாணம் முடிகிறவரை அந்த வழியாகவே போய் வந்துகொண்டிருந்தார். தப்பு என்று ஒரு தடவை சொன்னதே அதிகம், சபதத்தையும் விடச் சொன்னால் எப்படி என்று பெரியம்மாவும் அம்மாவும் கிணற்றடியில் பேசிச் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்துக்கு அரிசி போதாதென்று பெரியப்பா சாக்கோடு வந்தார். எங்கள் வீட்டு அரிசி டின் என் உயரம் இருக்கும். அப்பா சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொள்ள அம்மா படியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு படியா எப்பம்மா முடிக்கிறது, நவுரு" என்று பெரியப்பா டின்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "வேணாம், நானே அள்ளித் தரேன்" என்று அம்மா பதறுவதற்குள் கவிழ்த்துவிட்டார். சரசரவென்று கொட்டிய அரிசியோடு, பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட என் புது சிடியும் வந்து விழுந்தது.

"என் சிடி!" என்று குதித்தேன். "அம்மா, நீயே அரிசிக்குள்ள வச்சிட்டு மறந்துட்டியா? வூடெல்லாம் தேடுனோமே!"

பெரியப்பா சிடியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா இடம் மாறினாலே வீட்டை ரெண்டாக்குகிறவர், இவ்வளவு பெரிய மறதிக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு அம்மாவை நினைத்துப் பயமாக இருந்தது. "அரிசி சிந்துது பாருங்க, சாக்க ஒழுங்காப் பிடிங்க" என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் கல்யாணப் பூசையில் அப்பா முதல் வாசகம் வாசித்தார், நான் பூத்தூவினேன். அதற்குப் பிறகு ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து புது சிடியைப் பார்த்தோம். காட்டில் ஜீப் நிற்கிறது. இன்ஸ்பெக்டர் காலைத் தூக்கி இறங்குகிறார். ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடிவருகிறது. அலறியடித்து ஏறிக்கொள்கிறார். அவ்வளவுதான். கரடியும் இல்லை, இட்லியும் இல்லை, ஒரு வார்த்தை பேச்சு இல்லை. மாமாவைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், வசனத்தையெல்லாம் வெட்டிவிட்டு விற்றிருக்கிறான் என்று நான் கோபப்பட்டேன். "ஆமா பாப்பா, வெட்டித்தான் வச்சிருக்கான்" என்று அப்பா முகத்தை மாற்றாமல் சொன்னார். "நம்ம பழசுதான் ஒரிஜினல்" என்றார் பெரியப்பா. தியேட்டரில் அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பெரியப்பா இப்போது இல்லை. அவர் இருந்தவரை பண்டிகைக்குப் பழைய சிடியைத்தான் போட்டோம்.

அந்தப் பாஸ்காவுக்கு அடுத்த சனிக்கிழமை நடந்தது ஒன்று உண்டு. சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பெரிய வாரத்தில் ஊரே வரிசையில் நின்று, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்திருந்தது. அம்மாவும்தான். பாஸ்கா முடிந்த வாரத்தில் யார் போவார்கள்? கோயிலில் ஈ காக்கை இல்லை. பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கிழவரை அனுப்பிச் சாமியாரை வரவழைத்து, அம்மா ஒருத்தி மட்டும் போய் முழங்காலிட்டாள். நான் தூணருகே நின்றேன். ரொம்ப நேரம் ஆகவில்லை.

திரும்பி வரும்போது, "ஒரு வாரத்துக்குள்ள என்ன பாவம்மா பண்ணுன?" என்று கேட்டேன்.

"சாமியாருகிட்ட சொல்லியாச்சு. ஒனக்கு எதுக்கு?"

"சாமியாரு என்ன சொன்னாரு?"

அம்மா நடந்துகொண்டே என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "சிரிச்சாரு" என்றாள்.

பாவத்தைச் சொன்னால் சாமியார் சிரிப்பார் என்று எங்கள் ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அடுத்த முறை என் பாவங்களைச் சொல்லி முடித்துவிட்டு, அவர் எப்போது சிரிப்பார் என்று கம்பி வலைக்குள் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவே இல்லை.